காதல் ஷோவில் கணக்குப் போட்டால் என்ன குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொலைக்காட்சிப் பக்கத்தில் வெளிநாட்டு டேட்டிங் ஷோக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் அமெரிக்காவின் 'ஆர் யூ தி ஒன்?' நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது, போட்டியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்ததுமே ஆட்டத்தின் உயிர் போய்விடுகிறது, மனசால் ஆட வேண்டியதை மூளையால் ஆடுவது ஒரு வகை ஏமாற்று வேலை என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அந்த ஷோவின் விதிகளை ஒரு தடவை நிதானமாகப் படித்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள், ஏனென்றால் அங்கே பரிசுப் பணம் இருக்கும் இடமே ஒரு கணக்குப் புதிருக்குள்தான்.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். எம்டிவியில் 2014-இல் தொடங்கியது இந்த ஷோ. முதல் சீசன் ஹவாயில் நடந்தது. பத்து ஆண்கள், பத்துப் பெண்கள் ஒரே வீட்டில் தங்குவார்கள். யாருக்கு யார் பொருத்தம் என்பதைத் தயாரிப்பாளர்கள் பேட்டி எடுத்து, கேள்வித்தாள் கொடுத்து முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்கள், ஆனால் வீட்டில் இருக்கும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு ஜோடியை 'ட்ரூத் பூத்' என்ற அறைக்குள் அனுப்பலாம், அங்கே இவர்கள் சரியான ஜோடியா இல்லையா என்று நேரடியாகப் பதில் வரும். அப்புறம் வாரக் கடைசியில் இருபது பேரும் பத்து ஜோடியாக உட்கார வேண்டும், எத்தனை ஜோடி சரியோ அத்தனை விளக்கு எரியும், ஆனால் எந்தெந்த ஜோடி சரி என்று மட்டும் தெரியாது. பத்து வாரத்துக்குள் பத்து விளக்கும் எரிந்தால் 10 லட்சம் டாலர். அதுவும் ஒருவருக்கோ ஒரு ஜோடிக்கோ கிடையாது, இருபது பேருக்கும் சேர்த்து, ஆளுக்கு 50,000. தோற்றால் இருபது பேருக்கும் ஒன்றுமில்லை.

இதைப் படித்துவிட்டு இது காதல் சோதனை என்று சொன்னால் நான் என்ன சொல்ல? விளக்கு எத்தனை எரிந்தது என்று எண்ணிக்கையை மட்டும் கொடுத்து, மறைந்திருக்கும் வரிசையைக் கண்டுபிடி என்கிறார்கள். 'மாஸ்டர்மைண்ட்' என்று நிற முளைகளைச் செருகி விளையாடும் பலகை ஆட்டம் ஒன்று உண்டு, எதிராளி மறைத்து வைத்த நிற வரிசையை ஊகிக்க வேண்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம்தான் இதுவும். அந்தப் பலகை ஆட்டத்தில் 1,296 வரிசைகள் சாத்தியம், எதை மறைத்து வைத்தாலும் ஐந்தே ஊகத்தில் பிடித்துவிடலாம் என்று 1977-இல் டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர் காட்டினார். அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை.

இங்கே சாத்தியங்கள் அதைவிட எவ்வளவோ அதிகம். பத்து ஆண்களையும் பத்துப் பெண்களையும் ஜோடி சேர்க்க 36,28,800 வழிகள் இருக்கின்றன. முதல் ஆணுக்குப் பத்துப் பேர், அடுத்தவருக்கு ஒன்பது பேர் என்று பெருக்கிக்கொண்டே போனால் இந்த எண் வரும். இதில் ஒன்றே ஒன்றுதான் சரி.

இனி, ஒன்றுமே தெரியாமல் முதல் வாரம் சும்மா உட்கார்ந்தால் எத்தனை விளக்கு எரியும் என்று பாருங்கள். சராசரி ஒன்று. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் பத்து ஜோடி இல்லாமல் நூறு ஜோடி இருந்தாலும் சராசரி அதே ஒன்றுதான். ஒரு விளக்குகூட எரியாமல் போக 36.8 சதவீத வாய்ப்பு, ஒன்று எரிய அதே 36.8, இரண்டு எரிய 18.4, மூன்று எரிய ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், நான்கோ அதற்கு மேலோ எரிய இரண்டு சதவீதம்கூட இல்லை. இந்த 36.8 இந்த ஷோவுக்காகப் பிறந்த எண் இல்லை. பிரான்சில் மோன்மோர் என்பவர் 1708-இல் ஒரு சீட்டாட்டத்தை வைத்து இதே கேள்வியைக் கேட்டு எழுதினார், ஒரு சீட்டுகூடத் தன் இடத்தில் வந்து உட்காராமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று. முந்நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம்.

இது தெரியாததால்தான், ஒரு விளக்கு எரிந்ததும் வீட்டில் இருப்பவர்கள் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள், பார்க்கிறவர்களும் இவர்களுக்கு மனிதர்களைப் படிக்கவே தெரியவில்லை என்று பேசுகிறார்கள். முதல் வாரம் ஒரு விளக்கு என்பது சராசரி. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

விளக்கே எரியாத இரவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையாளரும் அதைப் 'படுதோல்வி' என்றுதான் எழுதியிருக்கிறார். முதல் வாரத்தில் விளக்கே எரியவில்லை என்றால், மிச்சம் இருக்கும் சாத்தியங்கள் 13,34,961. ஒரு விளக்கு எரிந்தால் மிச்சம் 13,34,960. வித்தியாசம் ஒன்றே ஒன்று! அதாவது தகவல் என்று பார்த்தால் இரண்டும் சமம், இரண்டுமே கிட்டத்தட்ட 63 சதவீத சாத்தியங்களை ஒரே இரவில் தூக்கி எறிந்துவிடுகின்றன. ஆனால் கையால் கணக்கு வைக்கிறவனுக்கு இருட்டுத்தான் வசதி, ஏனென்றால் அன்றைக்கு உட்கார்ந்த பத்து ஜோடியும் தவறு என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடுகிறது, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கட்டமாகப் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு வைத்திருந்தால் பத்துக் கட்டத்தை அப்படியே அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பத்தில் எது என்று வாரக்கணக்கில் தேட வேண்டும். பிந்தைய சீசன்களில், ஏற்கனவே உறுதியான ஜோடிகளைத் தவிரப் புதிதாக ஒரு விளக்குகூட எரியாவிட்டால் பரிசுப் பணத்தில் வெட்டு என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த விதியே என் கட்சிக்குச் சாட்சி. உபயோகமான தகவலுக்கு விலை வைத்துவிட்டார்கள், அதற்கப்புறம் எப்போது துணியலாம், எப்போது கூடாது என்பதும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

சரி, பத்து வாரம் போதுமா? 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் தகவலை அளக்க ஒரு வழி கொடுத்தார். ஆமா இல்லையா என்று பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒரு பிட். 36 லட்சத்துச் சொச்சத்தில் ஒன்றைப் பிடிக்க 22 பிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, 21.8, வேண்டும். முதல் வாரத்து விளக்கு எண்ணிக்கை தருவது சராசரியாக 1.9 பிட். அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜோடியை அனுப்பினால் பத்தில் ஒன்றுதான் வாய்ப்பு, அது தருவது அரை பிட்கூட இல்லை. கடைசி வாரம் எல்லோரும் சரியாக உட்கார்ந்தே ஆக வேண்டும், ஆக உபயோகப்படுவது ஒன்பது வார விளக்கும் பத்து வார அறையும். கூட்டிப் பாருங்கள், 21.6 பக்கம் வரும். தேவை 21.8. வாரம் ஏற ஏற இந்த எண்கள் மாறும் என்பது உண்மைதான், என்றாலும் எவ்வளவு இழுத்துப் பிடித்த ஆட்டம் என்று இதிலேயே தெரிகிறது. ஒவ்வொரு வாரமும் கிடைக்கும் பதிலை வீணாக்காமல் ஆடினால் ஜெயிக்கலாம், இரண்டு மூன்று வாரத்தை வீணடித்தால் அதிர்ஷ்டத்தைத்தான் நம்ப வேண்டும். முதல் நான்கு சீசன்களில் ஜெயித்தார்கள், ஐந்தாவதில் ஒரு காசு இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

அதிகம் வீணாவது அந்த அறையில்தான். விதிப்படி நினைத்த யாரையும் அனுப்ப முடியாது, அந்த வாரம் போட்டியில் ஜெயித்து வெளியே போய் வந்த ஜோடிகளில் ஒன்றைத்தான் வீட்டில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். அந்த இரண்டு மூன்று ஜோடிகளுக்குள் யாரை அனுப்புகிறார்கள்? 'இவர்கள் கண்டிப்பாகப் பொருத்தம்' என்று வீடே நம்புகிற ஜோடியை. பத்துக்கு ஒன்பது உறுதி என்று நினைக்கும் ஜோடியை அனுப்பினால் கிடைப்பதும், முதல் நாள் யாரென்றே தெரியாமல் அனுப்பும் ஜோடியால் கிடைப்பதும் அளவில் ஒரே தகவல்தான், அதே அரை பிட்டுக்கும் குறைவு. இரண்டு பக்கமும் சரிசமமாகச் சந்தேகம் இருக்கும் ஜோடியை அனுப்பினால்தான் முழு பிட் கிடைக்கும். போன வாரம் மூன்று விளக்கு எரிந்தது என்றால் அன்று உட்கார்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் பத்தில் மூன்று வாய்ப்பு, அதில் ஒன்றை அனுப்புவதே ஏறக்குறைய 0.9 பிட். பதில் என்னவென்று ஊகிக்க முடியாத கேள்வியைக் கேட்பதுதான் இந்த ஆட்டத்தில் புத்திசாலித்தனம்.

பத்து ஜோடியில் சொன்னால் கை கொள்ளாது, நான்கு ஜோடியில் காட்டுகிறேன், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அ, ஆ, இ, ஈ. பெண்கள் க, ச, த, ப. மொத்தம் 24 சாத்தியம். முதல் வாரம் அ-க, ஆ-ச, இ-த, ஈ-ப என்று உட்கார்ந்தார்கள், இரண்டு விளக்கு எரிந்தது. நான்கில் எந்த இரண்டு சரி என்பதற்கு ஆறு வழி, மற்ற இரண்டு ஜோடிகளும் தங்களுக்குள் இடம் மாறியே ஆக வேண்டும், ஆக 24 ஆறாகக் குறைந்துவிட்டது. இப்போது அறைக்கு யாரை அனுப்புவது? அ-ச அனுப்பினால் ஆறில் ஒன்றில்தான் அது சரி. அ-க அனுப்பினால் ஆறில் மூன்றில் சரி, கச்சிதமாகப் பாதி. அ-க அனுப்புகிறோம். 'ஆமாம்' என்று வந்தால் மிச்சம் மூன்று: ஆ-ச சரியாக இருக்கலாம், இ-த சரியாக இருக்கலாம், ஈ-ப சரியாக இருக்கலாம். இரண்டாம் வாரம் அ-க, ஆ-ச, இ-ப, ஈ-த என்று உட்கார்ந்தால் நான்கு விளக்கும் எரியலாம், ஜெயித்தாயிற்று. எரியாவிட்டால் ஒரே ஒரு விளக்குதான் எரியும், இரண்டு சாத்தியம் மிச்சம். மூன்றாம் வாரம் இ-த ஜோடியை அறைக்கு அனுப்பினால் எது என்று தெரிந்துவிடும், அன்று இரவே ஆட்டம் முடிந்தது. முதலில் அ-க ஜோடிக்கு 'இல்லை' என்று வந்திருந்தால்? அப்போதும் மூன்றுதான் மிச்சம், ஆ-ச, இ-த, அ-ப, ஈ-க என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு, நான்கும் எரியாவிட்டால் மூன்றாம் வாரம் ஆ-ச ஜோடியை அறைக்கு அனுப்ப வேண்டியதுதான். பதில் எதுவாக இருந்தாலும் மூன்றாம் வாரத்தைத் தாண்டாது. இதில் யார் முகத்தையும் யாரும் படிக்கவில்லை.

விளக்கு இரவுக்கும் இப்படி ஒரு சின்ன உத்தி உண்டு, கணினி ஏதும் தேவையில்லை. எட்டு ஜோடியை அப்படியே விட்டுவிட்டு இரண்டே ஜோடியை மட்டும் துணை மாற்றி உட்கார வையுங்கள். போன வாரத்தைவிட இரண்டு விளக்கு குறைந்தால் அந்த இரண்டு பழைய ஜோடியும் சரி. ஒன்று குறைந்தால் ஒன்று சரி, ஒன்று தவறு. கூடினால் புது ஜோடிகளில் எத்தனை சரி என்று அதே மாதிரி தெரியும். எண்ணிக்கை மாறவே இல்லை என்றால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று உதட்டைப் பிதுக்குவார்கள், உண்மையில் பழைய இரண்டும் தவறு, புதிய இரண்டும் தவறு, நான்கு கட்டத்தை ஒரே அடியில் அடித்துவிடலாம். ஏனென்றால் பழையதில் ஒன்றாவது சரியாக இருந்திருந்தால் புதியது இரண்டும் தவறாகத்தான் இருக்க முடியும், எண்ணிக்கை குறைந்தே தீரும். என்னைப் பொறுத்தவரை இந்த ஷோவில் மனசுக்குள் 'அட!' என்று சொல்ல வைக்கும் இடம் இதுதான், எந்த முத்தக் காட்சியும் இல்லை.

இனி காதலுக்கு வருகிறேன், உங்கள் கட்டுரையாளருக்கு அதுதானே கவலை. அறையில் 'இவர்கள் ஜோடி இல்லை' என்று பதில் வந்த பிறகும் பிரிய மனசில்லாமல் சேர்ந்தே சுற்றும் ஜோடிகளை அந்த ஷோவில் நிறையப் பார்க்கலாம். அவர்கள் காதலை நான் குறை சொல்லவில்லை. தயாரிப்பாளர்கள் எழுதி வைத்த பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு காதல் பொய்யாகிவிடாது, பட்டியலில் இருப்பதால் உண்மையாகியும் விடாது. ஆனால் விளக்கு இரவில் பிடிவாதமாக அதே ஆளோடு போய் உட்கார்ந்தால் அது வேறு விஷயம். தவறு என்று தெரிந்த ஒரு ஜோடி உட்கார்ந்தாலே அன்றைக்கு அதிகபட்சம் எட்டு விளக்குதான் எரிய முடியும், ஒன்பதுகூடக் கிடையாது, ஏனென்றால் ஒரு ஜோடி தவறு என்றால் இன்னொரு ஜோடியும் தவறாகத்தான் இருக்கும். மற்ற பதினெட்டுப் பேரின் ஆளுக்கு 50,000 டாலர் அந்தப் பிடிவாதத்தில் தொங்குகிறது. மற்ற ஜோடிகளைச் சோதிக்க வேண்டும் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு, தவறு என்று தெரிந்த ஒரு ஜோடியை வேண்டுமென்றே உட்கார வைத்தால் அது நல்ல உத்தி, நானே ஆதரிப்பேன். யாரிடமும் சொல்லாமல் மனசு கேட்கவில்லை என்று போய் உட்காருவது கூட இருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம். வாரம் முழுக்க யாரோடு வேண்டுமானாலும் பேசட்டும், பழகட்டும், அந்த ஒரு இரவு மட்டும் கணக்குச் சொல்கிற இடத்தில் உட்காரட்டும் என்பதுதான் என் கட்சி.

'மனிதர்களைப் படித்தே கண்டுபிடிக்கலாமே' என்றும் கட்டுரையில் கேட்டிருக்கிறார்கள். படிக்கட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகி, இவருக்கு இவர் பொருந்தலாம் என்று வரும் ஊகம் நல்ல ஆரம்பம், எல்லா ஜோடிக்கும் பத்தில் ஒன்று என்று இருப்பதைச் சிலருக்குக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் கொடுக்கும். அதைச் சரிபார்க்கத்தான் கணக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதி என்று எழுதியதில்தான் எனக்கு வருத்தம்.

எட்டாவது சீசனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும் ஒரு குறை. 2019-இல் வந்த அந்த சீசனில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது, பதினாறு பேரில் யாருக்கு வேண்டுமானாலும் யாரும் ஜோடி. பார்க்க மிகப் பெரிய சிக்கல் மாதிரி இருக்கும், ஆனால் சாத்தியங்களை எண்ணினால் 20,27,025-தான், பழைய ஆட்டத்தைவிடக் குறைவு. ஆனாலும் ஆடுவதற்கு அது சுலபம் இல்லை, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் பதினைந்து பேரில் ஒருவர்தான் சரி, சும்மா உட்கார்ந்தால் சராசரி ஒரு விளக்குகூட வராது, பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், முதல் வாரம் முழு இருட்டாகப் போகவே 58 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பெரும்பாலும் ஒரே பதில் வரும் கேள்வியால் தெரிந்துகொள்ளக்கூடியது குறைவு. சாத்தியங்களின் எண்ணிக்கை குறைந்தும் ஆட்டம் கஷ்டமாகிறது என்பது எவ்வளவு அழகான விஷயம், அதை விட்டுவிட்டு யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று இரண்டு பத்தி எழுதியிருக்கிறீர்கள்.

ஏமாற்று என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். கணக்குப் போட்டவர்கள் யாருடைய ரகசியத்தையும் திருடவில்லை, தயாரிப்பாளர்களின் பட்டியலை எட்டிப் பார்க்கவில்லை. இருபது பேர் கண் முன்னால் எரிந்த விளக்கைத்தான் அவர்களும் எண்ணினார்கள். ஒரு விண்ணப்பம்: மேலே சொன்ன நான்கு ஜோடிப் புதிரை உங்கள் மாணவர் பக்கத்தில் போடுங்கள், முதல் வாரம் ஒரே ஒரு விளக்கு எரிந்தால் எட்டு சாத்தியம் மிச்சம் இருக்கும், அங்கிருந்து எத்தனை வாரத்தில் முடிக்கலாம் என்று கேளுங்கள். விடைகள் வந்து சேர்ந்ததும் நல்லதாக ஒன்றை எடுத்து, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிட்டால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்